சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. அதை முதலில் சொன்னவர் யாரென்று தெரியாவிட்டாலும், அவர் மூட்டை சுமந்தவர் அல்லர் என்பது மட்டும் நிச்சயம். சுண்டைக்காய் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெயிலில் நடந்தவனைக் கேட்டிருந்தால் பழமொழி வேறு விதமாக அமைந்திருக்கும். அவன் தலைக்குச் சுண்டைக்காயும் ஒன்றுதான், மல்கோவா மாம்பழமும் ஒன்றுதான். கனம் கனந்தானே?

அந்தப் பழமொழிக்கு இப்போது ஒரு வாரிசு பிறந்திருக்கிறது. நடுத்தரக் குடும்பங்களின் கூடங்களில் நாள் தவறாமல் அதன் குரலைக் கேட்கலாம். “இந்தக் காசுக்குப் புதுசே வாங்கிவிடலாமே!” குடைக் கம்பி ஒடிந்தாலும் இதே பேச்சு, செருப்பு வார் அறுந்தாலும் இதே பேச்சு. பழைய சோபாவுக்குப் புது மெத்தையும் புது உறையும் போடலாமா என்று வீட்டில் யாராவது வாயெடுத்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். மூன்று பேர் ஒரே சமயத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். தீர்ப்பு ஆகிவிட்டது, அப்பீல் கிடையாது.

இந்த வாக்கியத்தின் மீதுதான் நான் வழக்குத் தொடுக்கிறேன். பார்வைக்கு இது சிக்கனம் தெரிந்த ஒருவரின் பேச்சைப் போல இருக்கிறது. உண்மையில் இது சிக்கனமும் இல்லை, கணக்கும் இல்லை. பொருளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தருவோம், மனிதக் கைக்கு மட்டும் தரமாட்டோம் என்ற பழைய பிடிவாதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சோபா நம் வீடுகளுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. பாயும் பெஞ்சும் ஊஞ்சலும் சாய்வு நாற்காலியும் இருந்த கூடத்தில் அது பின்னால் வந்து நடுநாயகமாக அமர்ந்துகொண்டது. பெயர் ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்தாலும், மூலம் ‘சுஃப்பா’ என்ற அரபுச் சொல். உட்காருவதற்காக உயர்த்திக் கட்டிய மேடை என்பது அதற்குப் பொருள். அப்படிப் பார்த்தால் நம் திண்ணைக்குச் சோபா ஒன்றுவிட்ட சகோதரன் ஆகிறது. ஆனால் திண்ணை பெயர்ந்தபோது நாம் பூசினோமே தவிர, “இந்தக் காசுக்குப் புதுத் திண்ணை வாங்கலாமே” என்று யாரும் சொன்னதில்லை. அம்மி தேய்ந்தால் கொத்துகிறவரைக் கூப்பிட்டோம். பித்தளைப் பாத்திரம் களிம்பேறினால் ஈயம் பூசுகிறவர் தெரு முனையில் துருத்தியோடு உட்கார்ந்திருந்தார். மெத்தை கட்டிதட்டிப் போனால் பிரித்துப் பஞ்சை அடித்து, வெயிலில் காயவைத்து, திரும்பத் தைத்தோம். பொருள் ஒரு முறை வீட்டுக்கு வந்தால், அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் ஒருவரும் அதோடு வாழ்க்கைக்குள் வந்தார். அதைப் பாக்கியமென்று நாம் நினைத்ததில்லை. சாதாரண ஏற்பாடு என்றுதான் நினைத்தோம்.

நிற்க. பொதுவாகவே பேசிக்கொண்டு போனால் வாசகர்களுக்கு அலுத்துவிடும். கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம், எசாலம் ஆகிய ஊர்களுக்குப் பக்கத்தில் பிரம்மதேசம் இருக்கிறது. அந்தப் பெயரில் தமிழ்நாட்டில் இன்னும் சில ஊர்கள் உண்டு. நான் சொல்வது சோழர் காலத்துக் கற்கோயில்கள் இரண்டைக் கொண்ட ஊரை. அங்கே எனக்கு மாமா முறையாகும் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இருக்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றும், அதற்கு இணையாக ஒற்றை ஆசனங்கள் இரண்டும் இருந்தன. எல்லாம் தேக்கு. அவருடைய தகப்பனார் காலத்தில் உள்ளூர்த் தச்சர் வாசலிலேயே பட்டறை போட்டு இழைத்துக் கொடுத்தவை. இரண்டு தடவை உறை மாற்றியாகிவிட்டது. இப்போது மூன்றாவது ரெக்ஸினும் வெடித்து, உள்ளேயிருந்து நார் எட்டிப் பார்த்தது. நடு இடத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது ஸ்பிரிங் ஒரு கூச்சல் போடும். வீட்டுப் பூனை ஒரு முறை அதற்குள்ளேயே குட்டி போட்டது.

விழுப்புரத்திலிருந்து குஷன் ஒர்க்ஸ்காரர் ஒருவர் வந்தார். பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஸீட் தைப்பவர், சோபாவும் செய்வார். வந்தவர் முதலில் துணியைத் தொடவில்லை. சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சட்டம் அசையவில்லை. “மரம் கல்லு மாதிரி இருக்கு சார்” என்றார். பிறகு கணக்குச் சொன்னார்: மொத்தம் ரூ. 21,000. துணி, ஃபோம், பட்டை, ஆணி, நூல் எல்லாம் சேர்த்து 12,000. இரண்டு ஆள் நாலு நாள் உழைப்புக்குக் கூலி 9,000.

மாமா 12,000 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “கூலி கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதே, தம்பி” என்றார்.

“துணிக்கு நான் விலை வைக்கல்லே சார், ஃபோமுக்கும் நான் வைக்கல்லே. குறைக்கணும்னா என் கூலியிலேதான் குறைக்கணும்” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, பல தடவை சொல்லிப் பழகியவர் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று மாலை தாம்பரத்திலிருந்து மகன் டெலிபோனில் பேசினான். “அப்பா, இன்னும் 5,000 போட்டால் புது செட்டே வந்துவிடும். வாசலிலே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான்.” கதை அதோடு முடிந்தது. புது செட் வந்தது. பழைய தேக்கைப் பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் 2,000 ரூபாய்க்குச் சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வாசகர்கள் பேரம் பேசிய இடத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேர், நாலு நாள், 9,000 ரூபாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,125. அதிலேதான் விழுப்புரத்திலிருந்து வந்துபோகிற செலவு, தையல் இயந்திரத்தின் தேய்மானம், வேலையில்லாத நாட்களின் சாப்பாடு எல்லாம். மொத்தத்தில் பாதிகூட ஆகாத அந்தத் தொகைதான் உறுத்திற்று. டெலிபோனில் பேசிய பிள்ளையாண்டானுக்கு ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உறவு கெட்டுப்போகும். புது சோபாவின் விலையிலும் கூலி இருக்கிறது. எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ வாங்கிய கூலி அது. ஆனால் விலைச்சீட்டில் அது தனி வரியாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத கூலியை முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுகிறோம். எதிரே நின்று, நம் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, “இவ்வளவு ஆகும்” என்று சொல்கிறவரிடந்தான் நமக்குச் சிக்கனம் ஞாபகம் வருகிறது.

“ஒப்புக்கொள்கிறோம்; ஆனால் 5,000 ரூபாய் வித்தியாசத்தில் புதியது கிடைக்கிறதே, அது உண்மைதானே?” என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எதற்கும் எதற்கும் உள்ள வித்தியாசம் என்று பார்க்க வேண்டாமா?

பழைய சோபாவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அது ஒரு சிறிய கட்டடம் என்பது தெரியும். கீழே தேக்குச் சட்டம். ஒரு கட்டையில் துளையிட்டு, மற்றொரு கட்டையின் முனையைச் செதுக்கி, அந்தத் துளைக்குள் இறுகப் பொருத்தியிருப்பார்கள். அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் பட்டை. பட்டையின் மேல் ஸ்பிரிங்குகள். நல்ல வேலைக்காரராக இருந்தால் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திசைக்கும் கயிறு இழுத்துக் கட்டியிருப்பார். அதனால்தான் ஒரு மூலையில் உட்கார்ந்தால் மறு மூலை துள்ளுவதில்லை. அதற்கு மேல் சாக்குத் துணி, தேங்காய் நார், பஞ்சு, கடைசியாக உறை. இவற்றில் எது கெட்டாலும் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு போடலாம். கெடாமல் இருக்க வேண்டியது சட்டம் ஒன்றுதான். அதற்காகத்தான் தேக்கைப் போட்டார்கள். தேக்கில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசையும் சில ரசாயனப் பொருள்களும் கரையானை அண்டவிடுவதில்லை. அந்த மரம் முற்றி வெட்டுக்கு வர ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆகும். நிலம்பூரில் 1840-களில் வெள்ளைக்காரர்கள் தேக்குத் தோட்டம் போட்டபோது, நட்டவர்கள் தாங்கள் வெட்டப்போவதில்லை என்று தெரிந்தேதான் நட்டார்கள்.

மலிவுப் புது சோபாவையும் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். பளபளப்பான துணிக்கு அடியில் பெரும்பாலும் லேசான மட்ட மரமும், மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகையும் இருக்கும். இணைப்புகளில் துளையும் இல்லை, செதுக்கலும் இல்லை. திருகாணியும், காகிதத்துக்கு அடிப்பது போன்ற பின்னும் இருக்கும். மரத்தூள் பலகையில் ஒரு முறை முடுக்கிய திருகாணி ஆடிவிட்டால் மறுபடி அதே இடத்தில் பிடிக்காது. தண்ணீர் பட்டால் பலகை ஊதிவிடும். மேலே உள்ள ஃபோம், 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற ரசாயன அறிஞரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த பாலியூரித்தேனின் வம்சம். நல்ல சரக்கு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அமுங்கித்தான் தீரும். அமுங்கியதும் குஷன்காரரைக் கூப்பிட்டால் அவர் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “இதிலே அடிக்கிறதுக்கு மரம் எங்கே இருக்கு?” என்று கேட்பார்.

ஆகவே மாமாவின் வீட்டுக் கணக்கைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்: 21,000 ரூபாய் கொடுத்தால் தேக்குச் சட்டமும் அதன் மேல் புது மெத்தையும் இருந்திருக்கும். 26,000 ரூபாய் கொடுத்ததில் மரத்தூள் பலகையும் அதன் மேல் புது மெத்தையும் கிடைத்தன. தேக்கு கையை விட்டுப் போனது. அதற்கு ஈடாக வந்தது 2,000 ரூபாய். போன தேக்கு எங்கே போகிறது? காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களைக் கேளுங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண்களும் கதவுகளும் நாற்காலிகளும் அங்கே கடை கடையாக அடுக்கியிருக்கின்றன. நம் வீட்டிலிருந்து ‘பழசு’ என்ற பெயரில் வெளியேறுவது இந்த மாதிரிக் கடைகளில் ‘ஆன்டிக்’ என்று ஞானஸ்நானம் பெறுகிறது. அதை வாங்குகிற பணக்காரர் முதலில் செய்கிற காரியம், நாம் மறுத்த கூலியைக் கொடுத்து மெத்தை தைத்துக்கொள்வதுதான்!

‘இந்தக் காசுக்குப் புதுசு’ என்ற கணக்கில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. 1960-களில் வில்லியம் பௌமல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அதை விளக்கினார். இயந்திரம் செய்கிற பொருள்கள் வரவர மலிவாகும். கையால் மட்டுமே செய்யக்கூடிய வேலையை வேகப்படுத்த முடியாது. நாலு பேர் வாசிக்க வேண்டிய சங்கீதத்துக்கு இன்றைக்கும் நாலு பேர்தான் வேண்டும். ஆனால் வாசிக்கிறவரும் அதே ஊரில், அதே விலைவாசியில் வாழவேண்டியிருப்பதால் அவருடைய கூலி ஏறத்தான் வேண்டும். குஷன்காரர் விஷயமும் இதுதான். ஸ்பிரிங் கட்டுவதற்கு 1960-ல் எவ்வளவு நேரம் ஆயிற்றோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரந்தான் இப்போதும் ஆகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதுசோடு ஒப்பிட்டால் பழுது பார்ப்பது அதிக விலையாகத்தான் தோன்றும். அது அவர் பேராசையின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டால், அவர் ஒருநாள் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போவார். அப்புறம் மனசு மாறி நாம் தேடினாலும் ஆள் அகப்படமாட்டார். ஈயம் பூசுகிறவரை நாம் இப்படித்தான் தொலைத்தோம்.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் கேட்டுவிடுவோம். அவற்றில் ஒன்றுக்கு நான் தலைவணங்குகிறேன். “தாத்தா உட்கார்ந்த சோபா என்று உருகுகிறவர்களெல்லாம் ஆண்பிள்ளைகள். அதன் சித்திர வேலைப்பாட்டு இடுக்குகளில் தூசி துடைக்கிறவள் நான். நகர்த்திப் பெருக்குகிறவளும் நான்” என்று ஒரு குடும்பத் தலைவி சொன்னால் அதற்குப் பதில் கிடையாது. தாத்தா உட்கார்ந்தார் என்பது ஒரு காரணமே ஆகாது. தாத்தா எத்தனையோ இடங்களில் உட்கார்ந்திருப்பார். சோபாவை வைத்துக்கொள்வதானால் அதைத் துடைக்கிற பங்கையும் உருகுகிறவர் ஏற்க வேண்டும் என்பது என் கட்சி. இடம் போதாத வீட்டில், படிக்கட்டு ஏறாத மாடியில், பெரிய சோபாவை வைத்துக்கொண்டு அவதிப்படவும் வேண்டாம். நன்றாக இருக்கிற சட்டத்தை இடமுள்ளவருக்குக் கொடுத்துவிடலாம்.

“புதுசு வாங்கினால் தொழிற்சாலைகளில் பலருக்கு வேலை கிடைக்கிறதே” என்பது மற்றொரு வாதம். குஷன்காரர் வாங்கும் துணியும் ஃபோமும் எந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன? பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் யார்? பழையதைப் புதுக்கினாலும் தொழிற்சாலைக்கு வேலை உண்டு. அதோடு நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் உண்டு.

“பழசைத் தூர எறிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கிறவர்களும் உண்டு. தூரம் என்று ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சென்னையில் பழைய சோபாக்களையும் மெத்தைகளையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல 2025-ல் மாநகராட்சி தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று; தெருவோரமும் கால்வாயும் அவற்றுக்குப் புகலிடமாக இருந்ததுதான் காரணம். சீமையிலும் இதே தொல்லைதான். மான்செஸ்டர் நகரத்தில் 1979-ல் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து, ஃபோம் வைத்த மரச்சாமான்களின் புகையில் சிக்கி 10 பேர் மாண்டார்கள். 1988-ல் தீப்பாதுகாப்பு விதிகள் வந்தன. தீயை அடக்குவதற்காக ஃபோமிலும் துணியிலும் சேர்த்த ரசாயனங்களில் சில, மண்ணில் போட்டால் மக்காத விஷமென்று பிற்பாடு தெரிந்தது. 2023 முதல் இங்கிலாந்தில் அத்தகைய சோபாக்களைக் குப்பைமேட்டில் புதைக்க விடுவதில்லை. உலையில் போட்டு எரிக்க வேண்டியிருக்கிறது. பிரம்மதேசத்தில் மாநகராட்சியும் இல்லை, உலையும் இல்லை. அங்கே வந்திறங்கிய புது சோபா ஒருநாள் மூச்சை விடும்போது குளக்கரையைத் தவிர அதற்கு வேறு கதி எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஊரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஆற்றாமை அதிகமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்று ஒரு சொல் வருகிறது. கோயிலைப் பழுதுபார்த்துப் புதுக்குவதற்கென்றே ஒதுக்கிவைத்த நிலம் என்று அர்த்தம். விளக்கெரிக்க நிலம் விட்டதுபோல, பூஜைக்கு நிலம் விட்டதுபோல, பழுது பார்ப்பதற்கும் தனியாக நிலம் விட்டார்கள். கட்டியது என்றாவது பழுதுபடும், பார்க்கிறவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்து, கல்லிலும் வெட்டிவைத்தார்கள். பக்கத்து எசாலத்தில் 1987-ல் கோயில் திருப்பணி நடந்தபோது முதலாம் இராஜேந்திரனின் செப்பேடுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. “இந்தக் காசுக்குப் புதுக் கோயிலே கட்டலாமே” என்று ஊரார் வேறு இடம் பார்த்துப் போயிருந்தால் அவை இன்னும் மண்ணுக்குள்ளேதான் கிடந்திருக்கும். கோயிலையும் சோபாவையும் ஒரே தராசில் வைக்க நான் முற்படவில்லை. பழுது பார்க்கிறவனின் கூலியை ஒரு செலவினமாக மதித்து முன்பே எடுத்துவைத்த புத்தி நம் மண்ணில் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். பிரம்மதேசத்துக் கற்கோயில்களை இன்று மத்தியத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. கூடத்துச் சோபாவைப் பார்த்துக்கொள்ள எந்தத் துறை வரும்?

சரி, எல்லாப் பழைய சோபாவையும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்றால், வேண்டாம். முன்பக்கத்து ஒரு காலைப் பிடித்து அரை அடி உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பக்கத்து முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் திடமாக இருக்கிறது. ஒன்று எழும்பி மற்றது தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். கவிழ்த்துப் பார்த்து, மரத்தூள் மாவாகக் கொட்டுகிறதா, கட்டையில் பொடிப்பொடியாகத் துளை இருக்கிறதா என்று தேடுங்கள். கைப்பிடியை இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். தூள் பலகைச் சட்டமாக இருந்தாலும், பூச்சி தின்ற சட்டமாக இருந்தாலும் அதற்குப் பட்டுத்துணி போடுவது வீண், அதை விட்டுவிடுங்கள். சட்டம் நன்றாக இருந்தால் மட்டும் குஷன்காரரைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங்கைக் கட்டத் தெரிந்தவரா என்று கேளுங்கள். நாரும் பஞ்சும் வைத்துத் தைக்க முடியுமானால் அப்படியே தைக்கச் சொல்லுங்கள்; ஃபோம்தான் என்றால் சொன்ன கனத்தில் போடுகிறாரா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். வேலையில் கண்டிப்பாக இருப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. தையல் கோணினால் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

பேரம் பேசாமல் இருக்க முடியாது என்றால், துணிக்கடையில் போய்ப் பேசுங்கள். ஃபோம் கடையில் பேசுங்கள். அங்கே அவர்கள் குறைக்கமாட்டார்கள் என்று தெரிந்ததால்தானே கூலிக்காரரிடம் பேசினோம்? சுண்டைக்காயின் விலை எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். சுமந்து வந்தவருக்குச் சுமையின் கனத்துக்குத்தான் கூலி.